பதினொன்றாவது தோட்டா

கலிஃபோர்னியாவில் துப்பாக்கி மேகசின் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. முதல் பத்தும் சாதுக்கள், பதினொன்றாவதுதான் கேடி. 2019 மார்ச் 29 அன்று நீதிபதி ரோஜர் பெனிடெஸ் இந்தத் தடை செல்லாது என்றார். அடுத்து நடந்த மேகசின் வியாபாரத்தின் முன் நம் ஆடித் தள்ளுபடி பிச்சை வாங்க வேண்டும். ஒரே வாரத்தில் அவரே தம் தீர்ப்பை நிறுத்தி வைத்தார். ஏப்ரல் 5 மாலை ஐந்து மணிக்குள் வாங்கியவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சிக்னலில் மாட்டி ஐந்தே காலுக்கு வந்தவர் பாவம்.

வழக்கு மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7–4 என்று தடையை உறுதி செய்தது. பெரிய மேகசின் ஆயுதமே அல்லவாம், துணைப்பொருளாம். எதிர்த்த நால்வரில் கடுப்பான நீதிபதி லாரன்ஸ் வான்டைக் பேனாவை நம்பவில்லை. கறுப்பு அங்கியோடு தம் அறையில் கைத்துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டிக் காட்டி, வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றினார். நீதிபதியே நிபுணர் சாட்சியாகலாமா என்று சக நீதிபதிகள் பொங்கினார்கள். குறுக்கு விசாரணைக்கு அவரைக் கூண்டில் ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை.