லேபு கட்டப் போற மாப்ளைக்கு

மாப்ள, வாழைத் திசுவ பாட்டில்ல போட்டுக் கன்னாக்க, நம்ம காளையார்கோவில்ல லேபு கட்டப் போறீகளாம்ல. நல்லது. சேத்து வச்ச பணத்தக் கரைக்க ஒரு வழி வேணும்ல.

சாமான் சிட்டையப் பாத்தேன். அகருக்கு எம்புட்டு எழுதியிருக்கீக! வாங்குங்க, அவசியம் வாங்குங்க. மண்டபத்துப் பக்கம் நம்ம பொம்பளையாளுக கடல்ல முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்குறாகள்ல, அதக் காய்ச்சி எடுக்குறதுதேன் அகர். லிட்டருக்கு ஏழெட்டு கிராம் போடுவாக. செடிக்கு அது தீனி இல்ல, சாயாம நிக்க ஒரு மெத்தை, அம்புட்டுதேன். கழுவிக் காயவச்ச கரும்புச் சக்கையிலயும் நிக்க வச்சுப் பாத்திருக்காக ஆராய்ச்சிக்காரக. ஆனா படமாத்தூர் ஆலைச் சக்கை ஒங்க கௌரவத்துக்கு ஆகுமா?

லிட்டருக்கு 30 கிராம் சீனி வேற. பலசரக்குக் கடைச் சீனின்னா செடி கோவிச்சுக்கிரும், டப்பாவுல வர்ற சுக்ரோசே வாங்குங்க. சர்வதேச அணுசக்தி முகமை இருக்குல்ல, அணுகுண்டு பண்ணிராமக் கண்காணிக்கிறவுக, அவுகளும் உணவு வேளாண்மை அமைப்பும் சேந்து 2002ல வியன்னாவுல கூட்டம் போட்டாக, திசு வளர்ப்புச் செலவ எப்புடிக் கொறைக்கிறதுன்னு. 2004ல பொஸ்தகமே வந்துச்சு. அணுவக் கண்காணிக்கிறவுகளே சீனிக் கணக்குப் பாக்குறாக. நீங்க பெரிய எடம், ஒங்களுக்கு எதுக்கு?

செடிக்கு ஊத்துறதுக்கும் செலவில்லாத சாமான் ஒண்ணு இருக்கு. கொப்பரைக் களத்துல முத்தின தேங்காத் தண்ணிய மண்ணுல கொட்டுறாக. 1941ல ஓவர்பீக்குன்னு ஒருத்தரு அந்தத் தண்ணிய ஊத்தித்தேன் ஊமத்தைக் கருவ வளத்தாரு. ஒண்ணு மட்டும் உண்டு, காய்க்குக் காய் தண்ணி மாறும். ஒரே மாதிரி பலன் கேட்டா தராது.

கேலி இருக்கட்டும். ரெண்டு எடத்துல கஞ்சத்தனம் பண்ணிராதீக. செடித் தீனிக்கு முராஷிகி, ஸ்கூக்குன்னு ரெண்டு பேரு 1962ல புகையிலைய வச்சுப் போட்ட உப்புக் கணக்கு, அதுல கை வைக்கப்படாது. இன்னொண்ணு சுத்தம். சக்கையோட பூசணமும் கூடவே வரும். 15 பவுண்டு அழுத்தத்துல, 121 டிகிரியில நல்லா வேகணும். சக்கைக்குப் பதிலா சிங்கம்புணரி நார்த்தூளப் போடலாமான்னு கேக்காதீக, அது கன்னு பாட்டில விட்டு வெளிய வந்த பெறகுதேன். அதையும் உப்புப் போக அலசணும்.

லேபு கட்டுமுன்ன, தெரிஞ்ச காலேசுல கேட்டு, சக்கையும் கடைச் சீனியும் ஒரு வரிசை, அகரும் டப்பாச் சீனியும் ஒரு வரிசைன்னு போட்டுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா வளந்துச்சுன்னா, சிட்டைய மாத்தி எழுதிட்டு பேங்குக்குப் போங்க.