ராமகிருஷ்ணன்களின் வாசகர்

நூலகத்துக்கு வருவோரில் பொருள் பார்த்து எடுப்பவர், அட்டை பார்த்து எடுப்பவர், பக்கம் குறைவாக இருக்கிறதா என்று பார்த்து எடுப்பவர் எனப் பல வகையினர் உண்டு. தம் பெயரையே தாங்கிய ஆசிரியர்களின் நூல்களை மட்டும் தேடி எடுத்து வாசிக்கும் 'பெயரொப்பு வாசகர்' என்னும் இனத்துக்கு மட்டும் நூலகவியலில் இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை. பீர்மேடு வட்டத்து ஏலப்பாறை போல, பேருந்துப் பலகையை மலையாளத்தில் வாசித்துவிட்டு நடத்துநரிடம் தமிழில் சீட்டுக் கேட்கும் மக்கள் வாழும் மலையூர்களில் இவ்வினம் செழித்து வளர்வதற்குக் காரணம் உண்டு. இங்கே ஒரே பெயருக்கு இரண்டு மொழிகளில் விளைச்சல் கிடைக்கிறது.

ஆய்வின் வசதிக்காக இவ்வினத்தவர் ஒருவருக்கு எஸ்.ராமகிருஷ்ணன் என்று பெயரிடலாம். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக, அதாவது கொழுந்தின் எடையையும் ஆள்பேரையும் பதிவேட்டில் ஏற்றுபவராக இருந்து ஓய்வுபெற்றவர். தந்தை சுப்பையா ஆதலால் முன்னெழுத்து 'எஸ்'. கொழுந்துச் சாக்கின் ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிக்கலாம் என்று தொழிலாளர்களோடு மல்லுக்கட்டிப் பழகிய அதே கறார் புத்தி, இப்போது எவரை ராமகிருஷ்ணனாக ஏற்பது, எவரைக் கழிப்பது என்பதில் செயல்படுகிறது.

முதலில் கழிக்கப்பட்டவர் ராமகிருஷ்ண பரமஹம்சரே ஆவார். நூலகர் பக்தியோடு அடுக்கிக் காட்டிய நூல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர் திருப்பி வைத்துவிட்டார். பரமஹம்சர் தம் கையால் நூல் எதையும் எழுதியவர் அல்லர், அவர் பேசியவற்றைக் குறித்துவைத்தவர் மகேந்திரநாத் குப்தர், ஆகவே பரமஹம்சர் நூலின் பொருளாகலாமேயன்றி ஆசிரியர் ஆக மாட்டார் என்பது அவர் துணிபு. ராமகிருஷ்ண மடம் வெளியிட்டவையும் அவ்வாறே தள்ளப்பட்டன. பதிப்பவர் ஆசிரியர் ஆகார் என்று விதி வகுக்கப்பட்டது.

விதி நெடுநாள் நிற்கவில்லை. தமிழ் அடுக்கில் முன்னெழுத்தும் பிசகாத எஸ்.ராமகிருஷ்ணன்கள் இருவர் தென்பட்டனர். ஒருவர் மல்லாங்கிணறில் பிறந்து, 'சஞ்சாரம்' நாவலுக்காக 2018இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். மற்றவர் க்ரியா பதிப்பகத்தை 1974இல் தொடங்கி, 1992இல் தற்காலத் தமிழ் அகராதியை வெளியிட்டவர். பின்னவர் பதிப்பாளர் ஆயிற்றே என்று நூலகர் நினைவூட்டியபோது, முன்னெழுத்து ஒத்துவந்தால் விதி தளரும் என்ற துணைவிதி அங்கேயே பிறந்தது. அகராதி வீட்டுக்குக் கொடுக்கப்படாத நூலாதலால் நாள்தோறும் மாலையில் வந்து உட்கார்ந்து அதை முதல் பக்கத்திலிருந்து நாவலைப் போல வாசித்தார். கதை இன்னும் சூடுபிடிக்கவில்லை என்றாலும் நடை தெளிவு என்பது 'ஆ' வரிசையில் அவர் வெளியிட்ட கருத்து.

மலையாள அடுக்குக்கு அவர் நகர்ந்தபோதுதான் உண்மையான இடர் தொடங்கியது. தமிழில் முன்னெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரைக் குறிக்கும். மலையாளத்திலோ அவ்விடத்தில் வீட்டுப்பெயரோ ஊர்ப்பெயரோ வந்து அமர்ந்துகொள்ளும். தென்னிந்தியப் பெயர்களின் இச்சிக்கலை நன்கறிந்திருந்த நூலகவியல் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதனின் பெயரிலேயே சீர்காழி 'எஸ்' ஆகவும், தந்தை ராமாமிர்தம் 'ஆர்' ஆகவும் முன்னே நிற்க, அவர் பெயர் கடைசியில்தான் வருகிறது. கிராம நூலகத்தின் கையெழுத்துப் பதிவேட்டில் கவிஞர் கடம்மனிட்ட ராமகிருஷ்ணன் 'க'விலும், நாவலாசிரியர் மலையாற்றூர் ராமகிருஷ்ணன் 'ம'விலும் ஒளிந்துகிடந்தார்கள். பேருந்துப் பலகை அளவே மலையாளம் அறிந்திருந்த கணக்கப்பிள்ளை, இவர்களைப் பிடிப்பதற்காகவே கூட்டெழுத்துகளைக் கற்றுக்கொண்டார்.

மலையாற்றூர்க்காரர் உண்மையில் 1927இல் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த தமிழ்ப் பிராமணர். இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். கேரளத்தில் குடியேறிய தமிழ் ஐயர் குடும்பமொன்றைப் பற்றிய அவருடைய 'வேருகள்' நாவலைக் கணக்கப்பிள்ளை தம் குலவரலாறாகவே பாவித்து வாசித்தார். அந்த ஐயர்கள் வேதத்தோடு மலையிறங்கி அக்கிரகாரம் கண்டதும், தம் பாட்டனார் கங்காணியிடம் முன்பணம் வாங்கி மலையேறி லயத்து ஒற்றையறையில் ஒடுங்கியதும் வேறு வேறு கதைகள் என்பதை அவர் அறியாமல் இல்லை. பெயர் ஒன்றாக இருக்கும்போது அதைப் பெரிதுபடுத்துவானேன் என்று விட்டுவிட்டார். அந்தப் பெருந்தன்மை எதிர்த்தரப்பிலிருந்து வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

சுதேசாபிமானி கே.ராமகிருஷ்ண பிள்ளை விஷயத்தில் வால் ஒன்று குறுக்கிட்டது. திருவிதாங்கூர் அரசால் 1910இல் நாடு கடத்தப்பட்டு, 1912இல் மலையாளத்தில் கார்ல் மார்க்ஸின் வரலாற்றை எழுதிய அப்பெருமகனைச் சாதிப்பட்டத்தோடு சேர்ப்பதா என்று அவர் தயங்கினார். பிறகு, தாமும் உத்தியோகத்தால் ஒரு பிள்ளையே என்பது நினைவுக்கு வர, தோட்ட நிர்வாகம் தந்த பட்டம் முதன்முறையாகப் பயன்பட்டது. ரயில்வேயில் பணியாற்றிய டி.டி.ராமகிருஷ்ணனின் 'பிரான்சிஸ் இட்டிக்கோரா'வில் ரயிலை எதிர்பார்த்துப் போனவருக்கு மிளகு வணிகனும் கணிதமும் நரமாமிசமும் எதிர்ப்பட்டன. மிளகு வந்த இடங்கள் மட்டும் சரியாக இருப்பதாக, ஏலக்காய் விலை அறிந்தவர் என்ற முறையில், அவர் சான்றளித்தார்.

இவ்வினத்துக்குப் பகை புனைபெயரே. அவர் மனைவியின் பெயர் லட்சுமி. அவருக்கும் ஒரு பட்டியல் தயாரிக்க முனைந்தபோது, 'லக்ஷ்மி' என்ற பெயரில் நாவல்கள் எழுதிய மருத்துவரின் இயற்பெயர் திரிபுரசுந்தரி என்றும், சி.எஸ்.லக்ஷ்மி என்பவரோ 'அம்பை' என்ற பெயரில் கதை எழுதுகிறார் என்றும் தெரியவந்தது. பெயர் உள்ளவர் ஒளித்துக்கொண்டார், இல்லாதவர் எடுத்துக்கொண்டார், இதில் யாரை வாசிப்பது என்று அவர் கேட்க, அடுப்படியிலிருந்து, “ரெண்டு பேரையும் கொண்டாங்க, நல்லா எழுதுனவங்கள வச்சுக்கிறேன்” என்று வந்த பதிலை முறையியல் அற்றது என அவர் ஒதுக்கினார்.

பதிவேட்டை இயற்பெயர் வரிசையில் மாற்றி எழுதவேண்டும் என்ற அவருடைய விண்ணப்பம் நூலகக் குழுவின் முன் வந்தபோது குழுவினர் சிரித்தனர். செயலாளர் வர்க்கி எனப்படுபவராயின் சிரிப்பு அங்கேயே நின்றுவிடும். ஏனெனில் ஜனரஞ்சகக் காதல் நாவல்கள் எழுதிய முட்டத்து வர்க்கி 'மு'விலும், திருவிதாங்கூர் திவான் சர் சி.பி.யின் ஆட்சியில் சிறை சென்ற பொன்குன்னம் வர்க்கி 'பொ'விலும் பிரிந்துகிடப்பது கணக்கப்பிள்ளையால் அவருக்கு அப்போது எடுத்துக்காட்டப்படும். விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டாலும், அன்று மாலையே இரு வர்க்கிகளும் ஒரே தட்டுக்கு மாற்றப்பட்டு, செயலாளர் பெயரில் எடுக்கப்பட்டதாகத் தேதிச்சீட்டில் முத்திரை விழுந்திருக்கும்.