அரிசியின் ஊர் தெரிகிறது, அதில் ஊற்றியது தெரியவில்லை

பெறுநர்: தலைவர் அவர்கள், ஜப்பான் சுற்றுலா முகமை, டோக்கியோ.

பொருள்: ஹலால் உணவு தேடும் பயணிகளுக்குத் தொழுகை விரிப்பு தந்தமைக்கு நன்றி கூறுதலும், சட்டிக்குள் இருப்பதைச் சொல்லக் கோருதலும் தொடர்பாக.

ஐயா,

நன்றியிலிருந்தே தொடங்குகிறேன். 2013 ஜூலையில் மலேசியர்களுக்கு விசா வேண்டாம் என்றீர்கள். 2014 டிசம்பரில் மின்னணுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இந்தோனேசியர்களுக்கும் கதவைத் திறந்தீர்கள். நரிதா, ஹனேடா, கான்சாய் விமான நிலையங்களில் தொழுகை அறைகள் இருக்கின்றன. சில ஹோட்டல்களில் கேட்டால் விரிப்பும், கிப்லா திசை காட்டும் கருவியும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2024-இல் உங்கள் நாட்டுக்கு வந்த வெளிநாட்டார் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேல். 2030-க்குள் 6 கோடி என்பது உங்கள் அரசின் இலக்கு. வருகிறவர்களுக்குத் தூக்கம் வரும், தொழுகை நேரம் வரும் என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துவிட்டீர்கள். பசியும் வரும். அதற்கும் ஏதோ நடந்துதான் இருக்கிறது: கடை வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

‘முஸ்லிம் ஃப்ரெண்ட்லி’ என்கிற அந்த ஸ்டிக்கரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதை ஒட்டிய ஒரு கடையில் பன்றி இறைச்சி மட்டும் இருக்காது, மற்றதெல்லாம் இருக்கும். இன்னொரு கடையில் இறைச்சி முறையாக அறுத்தது, ஆனால் பக்கத்து மேசையில் சாக்கே மது ஓடும். மூன்றாவது கடையில் பட்டியலில் இரண்டே உணவுகள் நமக்கானவை, எவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான்காவது கடைக்காரர் நம்மைப் பார்த்து அன்பாகச் சிரிப்பார், அவ்வளவுதான். நான்கும் ஒரே ஸ்டிக்கர். கடைக்காரரின் மனம் எப்படிப்பட்டது என்று அது சொல்கிறது. நாங்கள் கேட்டது அவருடைய சட்டியைப் பற்றி. எடோ காலத்தில் இறைச்சி தின்பது நாகரிகமல்ல என்றிருந்தபோது உங்கள் கடைகள் காட்டுப்பன்றிக் கறியை ‘மலைத் திமிங்கிலம்’ என்று பலகை எழுதி விற்றன. அந்தப் பலகையைப் பார்த்த எவரும் திமிங்கிலம் கிடைக்குமென்று உள்ளே போகவில்லை. கொதிப்பது பன்றி என்று ஊருக்கே தெரியும். நேர்மையில் இன்றைய ஸ்டிக்கரைவிட அந்தப் பொய் மேல் என்று சொன்னால் தாங்கள் கோபிக்கக் கூடாது.

உங்கள் உணவகங்களின் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் போலி உணவுகளை உலகமே வியக்கிறது. முன்பு மெழுகில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக்கில். ஒரு ராமென் நூடுல்ஸ் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியாக வெட்டிய முட்டை, மஞ்சள் கரு இன்னும் முழுதாக இறுகாத பதத்தில். வெங்காயத் தாளின் ஒவ்வொரு வளையமும் தனித்தனியாக. ஓரத்தில் செருகிய கடற்பாசித் தாளின் நுனி ஈரத்தில் சற்றே சுருண்டிருக்கும். சூப்பின் மேல் வட்ட வட்டமாகக் கொழுப்புத் துளிகள் மிதக்கும். பெரியது, சிறியது, இரண்டு சேர்ந்து ஒன்றாகப் போவது என்று கைவினைஞர் அத்தனையையும் பிசகாமல் வார்த்திருப்பார். அந்தக் கொழுப்பு கோழியுடையதா, பன்றியுடையதா என்பதை மட்டும் பெட்டியில் எங்கும் எழுதியிருக்காது. ராமெனாவது பரவாயில்லை, சந்தேகம் வரும். சந்தேகமே வராத இடங்கள்தான் தொல்லை. காய்கறிக் கறி என்று வாங்கினால், அதைக் கெட்டியாக்கும் மசாலாக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்திருக்கின்றன. ஊதொன் நூடுல்ஸின் தெளிந்த சாற்றில் சோயா சாஸோடு மிரின் சேரும். அது சுமார் 14 சதவீத ஆல்கஹால் உள்ள இனிப்பு அரிசி மது. தெம்புராவில் கத்திரிக்காய் குற்றமற்றது, தொட்டுக்கொள்ளும் சாற்றில் மறுபடியும் மிரின். சில ரொட்டிகளில் பன்றிக் கொழுப்பு, இனிப்புகளில் எந்த விலங்கினுடையது என்று தெரியாத ஜெலட்டின்.

இதையெல்லாம் உணவகங்கள் சொல்ல வேண்டுமென்றால் பெரிய புரட்சி வேண்டுமே என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் பெருமூச்சு விடக்கூடும். புரட்சி ஏற்கெனவே நடந்துவிட்டது ஐயா, வேறு துறையில். 2003-இல் இயற்றிய சட்டப்படி உங்கள் நாட்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண் உண்டு. சுக்கியாக்கி, ஸ்டேக் போல மாட்டுக் கறியையே முதன்மையாகப் பரிமாறும் உணவகங்கள் அந்த எண்ணையோ அதற்கான தொகுதி எண்ணையோ வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். அதை வைத்து அந்த மாடு எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது என்று பார்க்கலாம். 2011 ஜூலையிலிருந்து, பரிமாறும் சோறு எந்த நாட்டு அரிசி என்பதையும் உணவகங்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவை. ஆக, தட்டில் இருக்கும் மாட்டின் பூர்வீகம் தெரியும், அரிசியின் ஊர் தெரியும். அந்தச் சோற்றில் மிரின் ஊற்றினார்களா என்று கேட்டால் மட்டும் அது சமையல்காரரின் அந்தரங்கம். பொட்டலத்தில் அடைத்த உணவுக்கு ஒவ்வாமைப் பொருள்களை எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறீர்கள். 2023-இல் வால்நட்டைக்கூட அந்தப் பட்டியலில் சேர்த்தீர்கள். பன்றி இறைச்சியும் ஜெலட்டினும் ‘எழுதினால் நல்லது’ என்கிற இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. உணவகங்களுக்கோ இரண்டு பட்டியலும் கட்டாயமில்லை.

உங்கள் தரப்பின் மிக வலுவான மறுப்பு எனக்குத் தெரியும். அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு அரசு மதச் செயல்களில் இறங்குவதைத் தடுக்கிறது. மலேசியாவில் ஜாக்கிம் என்னும் மத்திய அரசின் சமயத் துறையும் மாநில சமய அமைப்புகளும் மட்டுமே ஹலால் முத்திரை தர முடியும். சிங்கப்பூரில் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 1978 முதல் தருகிறது. ஜப்பானில் அப்படி ஓர் அரசு முத்திரை இருக்க இடமில்லை, அதனால் தனியார் அமைப்புகள் பல அவரவர் அளவுகோலில் அவரவர் முத்திரையைத் தருகின்றன. மது விற்கும் கடைக்கு ஓர் அமைப்பு மறுப்பதை இன்னொன்று வேறு பெயரில் கொடுக்கும். இதில் அரசு தலையிடக் கூடாது என்பது நியாயமான கொள்கை, நான் அதை ஆதரிக்கிறேன். எது ஹலால் என்று ஓர் அமைச்சகத்தின் உதவிச் செயலாளர் தீர்ப்புச் சொல்லும் நாள் வர வேண்டாம். ஆனால் சூப்பில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்பது மார்க்கக் கேள்வி அல்லவே. அதற்கு விடை வேதத்தில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு அதிகாரமில்லை என்பது சரி. அதைக் காரணம் காட்டி, தீர்ப்புக்கு வேண்டிய தகவலையும் சேர்த்துப் பூட்டி வைப்பதுதான் விளங்கவில்லை.

உண்மையில், தீர்ப்பை நீங்கள் சொன்னாலும் எங்களுக்குப் பயன் குறைவு. எங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையில் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபி மத்ஹபை, அதாவது அந்த மார்க்கச் சட்ட மரபை, பின்பற்றுவோர் அதிகம். கடலில் வாழ்பவற்றைப் பெரும்பாலும் தயக்கமில்லாமல் உண்பார்கள். உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். அந்த மத்ஹபில் மீனைத் தவிர மற்ற கடல் உயிர்கள் கூடாது, இறால் மீன்தானா என்பதிலேயே வாதம் உண்டு. சென்னையிலிருந்து ஒரே சுற்றுலாக் குழுவில் வரும் இரு தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒசாக்கா கடலுணவுக் கடையில் ஒரே ஸ்டிக்கர் எப்படிப் பொருந்தும்? சோயா சாஸில் தானாக நொதித்து வரும் ஆல்கஹாலை ஏற்பவர்களும் உண்டு, வெளியிலிருந்து ஊற்றினால் தொடாதவர்களும் உண்டு. 2001-இல் இந்தோனேசியாவில் அஜினோமோட்டோ விவகாரம் வெடித்தது நினைவிருக்கும். தயாரிப்புக்கான நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகத்தில் பன்றியிலிருந்து பெற்ற நொதி பயன்பட்டது தெரிந்ததும் உலமா கவுன்சில் ஹராம் என்றது. அன்றைய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித், அவரே மார்க்க அறிஞர், ஹலால் என்றார். இருவருக்கும் முன்னால் இருந்த தகவல் ஒன்றுதான், முடிவுதான் வேறு. தகவல் வெளியே வந்ததால்தான் இந்தோனேசியர் ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சிப்படி யார் பக்கம் நிற்பது என்று முடிவு செய்ய முடிந்தது.

அப்படியானால் இறைச்சிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. கோழி என்று எழுதினால் போதாது, அது எப்படி அறுக்கப்பட்டது என்பது சட்டியைப் பார்த்துத் தெரிவதில்லை. அங்கே நம்பகமான ஓர் அமைப்பின் முத்திரை வேண்டும், ஸ்டிக்கர் வேண்டும், எல்லாம் வேண்டும். ஆனால் ஜப்பானிய உணவில் முக்கால்வாசிப் பெருமை மீனிலும் அரிசியிலும் சோயாவிலும் கடற்பாசியிலும் இருக்கிறது. மீனுக்கு அறுப்பு விதி கிடையாது. எங்களுக்கு இயல்பாகவே திறந்திருக்க வேண்டிய இந்தப் பெரிய வாசலை இரண்டு கரண்டி மிரின் சத்தமில்லாமல் மூடிவிடுகிறது. பிறகு முஸ்லிம் பயணிகளுக்கான உணவகக் கையேட்டைப் பிரித்தால் பெரும்பாலும் இந்திய, பாகிஸ்தானிய, துருக்கிய உணவகங்களாக வருகின்றன. நல்ல கடைகள், அவர்கள் பிழைப்பு நன்றாக நடக்கட்டும். ஆனால் கியோட்டோ வரை பறந்து வந்து பிரியாணி சாப்பிடுவதற்குச் சுற்றுலா முகமை எதற்கு?

எட்டு நாற்காலி போட்ட கடையில் ஒரே ஒரு முதியவர் சமைக்கிறார், அவரால் இதெல்லாம் முடியுமா என்பது அடுத்த மறுப்பு. அவரால்தான் எளிதில் முடியும், சட்டியில் என்ன போட்டார் என்று அவருக்குத் தெரியும். அளவும் பக்குவமும் அவருடைய ரகசியமாகவே இருக்கட்டும், யாருக்கும் வேண்டாம். இன்று அவர் மாட்டிக்கொள்வது வேறு காரணத்தால். எங்களவர் உள்ளே நுழைந்ததும் ‘ஹலாலா?’ என்று கேட்கிறார். இதில் எங்கள் பக்கத் தவறும் உண்டு. மேசை துடைக்கும் கல்லூரி மாணவனிடம் ஃபத்வா கேட்பது போன்ற காரியம் அது. முழுப் பொறுப்பெடுக்க முடியாத எதற்கும் ‘முடியாது’ என்று தலைகுனிந்து சொல்வது உங்கள் ஊர்ப் பண்பு, அவன் சொல்லிவிடுகிறான். மீன் மட்டுமே விற்கும் கடையிலிருந்து பயணி பசியோடு வெளியேறுகிறார். ‘இதில் மது ஊற்றியிருக்கிறதா?’ என்று கேட்டிருந்தால் அந்த மாணவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு உண்டு, இல்லை என்று சொல்லியிருப்பான்.

எத்தனை முஸ்லிம்கள் வந்துவிடப் போகிறார்கள், அவர்களுக்காக நாடு முழுவதும் பலகை மாற்றுவதா என்றும் ஒரு முணுமுணுப்பு கேட்கும். இந்தியாவிலிருந்து வரும் சைவரிடம் கேட்டுப் பாருங்கள். காய்கறி சூப் என்று குடித்த பிறகு, அதன் சுவை காய்ந்த சூரைமீன் சீவலிலிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் அவர்களில் அநேகர். மாட்டிறைச்சி தொடாதவர், முட்டை ஆகாத குழந்தையின் தாய், மதுவை விட்டுவிட்ட உங்கள் நாட்டுக்காரர் என எல்லோரும் கேட்பது ஒரே தகவலை. எங்களுக்கென்று தனிச் சலுகை கேட்கவில்லை ஐயா. சலுகையாகக் கொடுத்ததால்தான் அது ஸ்டிக்கராக முடிந்தது.

வழியும் உங்களிடமே இருக்கிறது. 2017-இல் உங்கள் கழிப்பறைத் தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடி, வெளிநாட்டார் தவறான பொத்தானை அழுத்திவிடக் கூடாதே என்று 8 பொதுக் குறிகளை ஏற்றுக்கொண்டார்கள். மூடியைத் தூக்க ஒன்று, கழுவ ஒன்று, உலர்த்த ஒன்று, பயந்துபோனால் நிறுத்த ஒன்று. விருந்தினர் உடலிலிருந்து வெளியேறுவதற்கு இத்தனை தெளிவு கிடைத்த நாட்டில் உள்ளே போவதற்கும் 8 குறிகள் கிடைக்காதா? பன்றி, மாடு, கோழி, மீன், நண்டும் இறாலும், முட்டை, பால், மது: இந்த எட்டையும் உணவுப் பட்டியலில் ஒவ்வொரு உணவின் பக்கத்திலும் போட்டால் போதும். ஜெலட்டினும் கொழுப்பும் அந்தந்த விலங்கின் கணக்கில் சேரட்டும். சில இடங்களில் இத்தகைய குறிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை கடைக்குக் கடை மாறாமல் நாடெங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. முதல் ஆண்டில் விமான நிலைய உணவகங்களிலும் ரயில் நிலையங்களிலும் தொடங்கினாலும் ஆட்சேபமில்லை.

இப்படிக்கு,
கிப்லா எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்ட, சாப்பாடு எந்தப் பக்கம் என்று தெரியாத பயணிகளின் சார்பில்.

நகல்: நுகர்வோர் விவகார முகமை (உணவு லேபிள் அவர்களுடையது என்று தாங்கள் பதில் எழுதுவீர்கள் என்பதால்), வேளாண் அமைச்சகம் (அரிசியும் மாடும் எங்களுடையவை, மிரின் எங்களுடையதல்ல என்று அவர்கள் எழுதுவார்கள் என்பதால்), நிதி அமைச்சகத்தின் வரி முகமை (மிரினுக்கு மது வரி வாங்குகிறவர்கள் அவர்கள், அது மதுதானா என்ற சந்தேகம் அவர்களுக்காவது இருக்காது என்பதால்).