அகராதி ஒதுக்கிய சொல்

அறுபதுகளின் கடைசியில், எங்கள் கல்லூரி விடுதியில் ‘ஃபக்’ என்ற ஆங்கிலச் சொல்லை அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்வார்கள். அதற்கு ஒரு வரலாறும் வைத்திருந்தார் சீனியர் ஒருவர். அந்தக் கால இங்கிலாந்தில் ராஜாவின் அனுமதி இல்லாமல் ஆணும் பெண்ணும் சேரக் கூடாதாம். அனுமதிப் பலகையை வாசலில் மாட்ட வேண்டுமாம். அதிலிருந்த சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தே இது பிறந்ததாம். சரிபார்க்க நூலகத்துக்குப் போனால், ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் தடித்த தொகுதிகளில் அந்தச் சொல்லே இல்லை.

இன்று பைக் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் அந்தச் சொல்தான், சிக்ஸர் பறந்தாலும் அந்தச் சொல்தான். உடலுறவு என்ற பொருள் சொல்பவர் நினைவிலேயே இல்லை. ஆனால் ராஜா கதை மட்டும் சாகவில்லை. போன மாதம்கூட வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்குக் கோபம்தான் வருகிறது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். இந்தச் சொல்லோ டச்சு, ஸ்வீடிஷ், நார்வேஜியன் மொழிகளில் உறவுக்காரர்களை உடைய பழைய ஜெர்மானியச் சொல். இடித்தல், தள்ளுதல் என்ற பொருள்களும் அந்த உறவுச் சொற்களில் உண்டு.

பொய்க்கதை தழைத்ததற்கு அகராதிக்காரர்களின் கூச்சமும் காரணம் என்பேன். 1721இல் நேதன் பெய்லி சேர்த்தார், பொருளை மட்டும் லத்தீனில் ஒளித்துவைத்து. 1755இல் சாமுவேல் ஜான்சன் அடியோடு விட்டுவிட்டார். அச்சிலும் இதே கூச்சம்தான்: இந்தச் சொல் இடம்பெற்ற ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவல் மீதான ஆபாச வழக்கில் 1960இல் லண்டன் ஜூரி பெங்குயின் நிறுவனத்தை விடுவித்தது. 1964இல் நம் உச்ச நீதிமன்றமோ அதே நாவலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரரின் தண்டனையை உறுதிசெய்தது. ஆக்ஸ்ஃபோர்டு 1972இல், பர்ச்ஃபீல்ட் பதிப்பித்த இணைப்புத் தொகுதியில்தான் இடம் கொடுத்தது.

ஆங்கில இலக்கியம் படிக்கும் பேத்திக்கு, ஜான் ஃப்ளோரியோ 1598இல் வெளியிட்ட இத்தாலிய–ஆங்கில அகராதியின் பக்கத்தைக் கணினியில் திறந்து காட்டினேன். ‘ஃபொத்தெரே’ என்ற இத்தாலியச் சொல்லுக்கு ஐந்து ஆங்கிலச் சொற்கள். மூன்றாவதாக நம் சொல், கூச்சமே இல்லாமல். அவள் கண் ஐந்தாவதில் நின்றது.

“‘ஆக்குபை’யா? அது நல்ல வார்த்தையாச்சே, தாத்தா!”

அப்போது அதுவும் கெட்ட வார்த்தைதான். கண்ணியமானவர்கள் நெடுங்காலம் அதை எழுதவே கூசினார்கள் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மற்ற மூன்றையும் கேட்க ஆரம்பித்தாள்.