விறகுக் கட்டும் உலக வங்கியும்

1990-களின் நடுவில் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்கு உலக வங்கிப் பணம் வந்தது. பணக்கார அரசுகள் போட்டு நிரப்பும் பொதுக் கல்லாவிலிருந்து வந்த சலுகைக் கடன். உதவி என்று பெயர், அசலைக் கட்டியாக வேண்டும். காட்டைக் காக்க வல்லுநர்கள் கண்ட வழி, அடிவாரத்தில் சும்மாடு வைத்து விறகு சுமக்கும் பெண்களை நிறுத்துவது. ஊருக்கொரு வனக்குழு, சாண எரிவாயு, கறவை மாட்டுக்கும் பெட்டிக்கடைக்கும் கடன். பொய் சொல்லக்கூடாது, விறகுக் கட்டு குறையத்தான் செய்தது.

கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் மாஞ்சோலை. அதே காப்பகத்துக்குள், சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கர். அங்கே காட்டை வழித்துத் தேயிலை நட்டதை விசாரிக்க எந்த வனக்குழுவும் கூடவில்லை. தலையில் சுமந்தால் அழிவு, பத்திரம் எழுதி வெட்டினால் தொழில்.

குத்தகை முடிய நான்கு வருடம் இருக்க, 2024-இல் கம்பெனி நடையைக் கட்டியது. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்கள் கையில் விருப்ப ஓய்வுப் படிவம். மலையை விட்டு இறங்கச் சொன்னார்கள். அடுத்த திட்டத்துக்குப் பயனாளிகள் தயார், வங்கிதான் இன்னும் வரவில்லை.