எங்கும் காத்தவராயன்

கருத்தரங்கில் இந்த விமர்சகரைக் கண்டுபிடிக்க அடையாள அட்டை தேவையில்லை. கையில் புது நாவல் இருக்கும். முதல் இருபது பக்கங்களில் சிவப்பு அடிக்கோடு. அதற்கப்பால் தாள்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒட்டிக்கொண்டிருக்கும். கதாநாயகன் மின்கம்பத்தில் சாய்ந்து பீடி பற்றவைத்தால் போதும், கம்பம் கழுமரம், ஆள் காத்தவராயன். அக்கிரகாரத்துப் பெண் ஒருத்தி எதிரே வந்துவிட்டால் அவன் காதலி ஆரியமாலா கிடைத்துவிட்டாள், கட்டுரையும் முடிந்தது. இரண்டு பெண்கள் வந்தால் முத்துப்பட்டன். பெண்ணே வராவிட்டால் 'தொன்மத்தின் மௌனம்' என்று துணைத்தலைப்பு.

நாட்டார் வீரர்களை விமர்சனத்துக்குள் அழைத்துவருவதைக் குறை சொல்லவில்லை. ஆய்வாளர் நா. வானமாமலை அழைத்துவந்தார், ஆனால் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு. பிராமணனான முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணப்பதற்காகப் பூணூலை அறுத்துத் தானும் செருப்புத் தைக்கிறான். மாமனார் வீட்டு மாடுகளைக் காக்கப் போய்ச் சாகிறான். அந்தப் பெண்களும் பிறப்பால் பிராமணர்களே என்று ஒரு வடிவம் நைசாக ஒட்டுப் போடுகிறது. மதுரை வீரன் காசி ராஜா மகனானதும் இதே தையல்தான். எந்த வடிவத்தில், யாருக்காக இந்த ஒட்டு என்று கேட்கும்போதுதான் நாவலின் நாயகனைப் பற்றியும் ஏதாவது தெரியவரும். நம்மவரோ பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு கதையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்.

'ஆழ்மனப் படிமம் ஐயா, வடிவமெல்லாம் எதற்கு?' என்பார். அப்படி ஓர் அளவுகோலும் உண்டு. ராக்லன் பிரபு 1936-இல் வீரனுக்கு 22 அடையாளங்கள் வகுத்தார். பின்னால் ஓர் அமெரிக்க அறிஞர் அந்தத் தாளில் ஆபிரகாம் லிங்கனை உட்காரவைத்து, வேடிக்கையாக 22-க்கு 22 வாங்கிக் கொடுத்தார். எல்லாரும் பாஸாகும் பரீட்சையில் நம் கதாநாயகன் பாஸானது செய்தியா? 'நான் சொல்லாவிட்டால் இந்தப் பெயர்கள் மறைந்துபோகுமே' என்பது அடுத்த கவலை. மதுரை வீரனை 1956-இலேயே எம்.ஜி.ஆர். சினிமாவில் ஊர் ஊராகக் கொண்டுபோய்விட்டார். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில், பட்டவராயனாகிவிட்ட முத்துப்பட்டனுக்குச் செருப்புக் காணிக்கை இன்றும் தொங்குகிறது. அவர் இரவில் போட்டு நடப்பதால் அடி தேய்கிறது என்பார்கள் பக்தர்கள். நாவலாசிரியர்களுக்கு நம்மவர் மாட்டிவிட்ட செருப்புகளோ விலைச்சீட்டுக்கூடக் கிழியாமல் இருக்கின்றன. முத்துப்பட்டன் கதையை எந்த வில்லுப்பாட்டுக் குழு பாடிக் கேட்டீர்கள் என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டால், சரியாக அந்த நிமிஷம் அவருக்குத் தேநீர் இடைவேளை ஞாபகம் வந்துவிடும்.