பரணில் கிடக்கும் கிதார்

கேள்வி: மகனுக்கு வாங்கிய கிதார் பரண்மேல் கிடக்கிறது. அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். எனக்கு வயது 50, சரிகமகூடத் தெரியாது. இனி நான் கற்கலாமா?
— ஒரு வாசகர், தக்கலை

பதில்: தாராளமாக! மகன் திரும்பக் கேட்பதற்குள் இறக்கிவிடுங்கள். முதலில் கம்பிகளைப் பாருங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற, உப்புக்காற்று வீசுகிற மாவட்டம் நம்முடையது. இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஆறையும் மாற்றுங்கள். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள்.

விரல் நுனி வலிக்கும். பயப்படாதீர்கள். குலசேகரத்தில் ரப்பர் கன்று நட்டவர் பாலுக்கு ஆறேழு வருடம் பொறுத்திருக்கிறார். உங்கள் விரல் தோல் தடிக்கக் கேட்பது சில வாரங்கள்தான். ஃப்ரெட்டின் (கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேலேயே அழுத்தாமல், அதை ஒட்டிச் சற்றுப் பின்னால் அழுத்துங்கள். குறைந்த பலத்திலேயே நாதம் தெளியும்.

முதல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) இ மைனர்: 5, 4ஆம் கம்பிகளில் (கீழே உள்ள மெல்லிய கம்பிதான் 1), இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரலும் மோதிர விரலும். 3ஆம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலையும் வைத்தால் இ மேஜர். அந்த மூன்று விரல்களையும் அப்படியே ஒரு கம்பி கீழே இறக்கினால் ஏ மைனர். மூன்று விரலுக்குள் மூன்று கார்டு. இதைவிட மலிவாக எந்தக் கடையில் கிடைக்கும்?

‘அன்னக்கிளி’ படம் 1976இல் வரும்வரை இளையராஜாவும் மற்றவர்கள் இசைக்குக் கிதார் வாசித்தவரே; நீங்களும் பிறர் பாட்டை வாசித்தே தொடங்கலாம். குருவைத் தேடி அலைய வேண்டாம். ஞாயிறு ஆராதனையில் கிதார் வாசிக்கிற பையன் பக்கத்துத் தெருவிலேயே இருப்பான். “மக்களே, கொஞ்சம் சொல்லித் தா” என்று கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.